அறிவியல் புனைவுத் திரைப்படங்களின் புதினமாக்கம்

ஒரு திரைப்படத்தின் கதையை அல்லது திரைக்கதையை அடிப்படையாகக் கொண்டு எழுதப்படும் புதினம் புதினமாக்கம் எனப்படுகிறது. நாவலாக்கம் என்றும் இதைக் கூறுவர். பொதுவாகப் புதினம் முதலில் எழுதப்படும். அதைத் தழுவிப் பின்னர் திரைப்படம் எடுக்கப்படும். மைக்கேல் கிரைட்டனின் 'ஜுராசிக் பார்க்' புதினம் 1990-இல் வெளிவந்தது. அதன் திரைப்படம் 1993-இல் வந்தது. புதினமாக்கத்தில் இந்த வரிசை தலைகீழாகிறது. திரைக்கதை முதலில் பிறக்கிறது. புதினம் அதிலிருந்து கிளைக்கிறது.

புதினமாக்கங்கள் பெரும்பாலும் திரைப்படத்தின் விளம்பரத்துக்காக விரைவில் எழுதி விற்கப்படும் மலிவுப் பதிப்புகளாகவே கருதப்பட்டு வந்துள்ளன. அவற்றில் பல அப்படிப்பட்டவையே. ஆயினும் அறிவியல் புனைவுத் துறையில் சில புதினமாக்கங்கள் திரைப்படம் விட்டுச்சென்ற கேள்விகளுக்கு விடை கண்டுள்ளன. சில இடங்களில் படத்தின் பிழையைத் திருத்தியும் உள்ளன. அவை கதையை எவ்வாறு ஆழப்படுத்துகின்றன என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குகிறது.

அறிவியல் புனைவில் ஏன் இது முக்கியம்?

காதல் கதையையோ குடும்பக் கதையையோ பார்ப்பவர், அதில் நடப்பவற்றைத் தம் வாழ்க்கை அனுபவத்தைக் கொண்டே புரிந்துகொள்ள முடியும். அறிவியல் புனைவில் அது போதாது. இதுவரை எவரும் காணாத ஓர் உலகம், இல்லாத ஒரு கருவி, நடந்திராத ஒரு நிகழ்வு ஆகியவற்றை நம்பும்படி காட்ட வேண்டும். இதற்குக் காரண காரிய விளக்கம் தேவை. ஆனால் இரண்டு மணி நேரத் திரைப்படத்தில் விளக்கத்துக்கு இடம் குறைவு. பாத்திரங்கள் நின்று பாடம் நடத்தினால் படத்தின் வேகம் கெடும்.

புதினத்துக்கு இந்த நெருக்கடி இல்லை. ஒரு பத்தியில் ஒரு கருவியின் இயக்கத்தை விளக்கலாம். ஒரு பாத்திரத்தின் மனத்துக்குள் ஓடும் எண்ணத்தை நேரடியாகச் சொல்லலாம். படமோ ஒருவரின் முகத்தைக் காட்டும். அந்த முகத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்பவரே ஊகிக்க வேண்டும். புதினமாக்கத்தின் வாய்ப்பு இந்த இடைவெளியில்தான் உள்ளது.

தொடக்க கால எடுத்துக்காட்டு: மெட்ரோபோலிஸ்

செருமானிய இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய 'மெட்ரோபோலிஸ்' என்னும் பேசாப்படம் 1927 சனவரியில் பெர்லினில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அதன் திரைக்கதையை எழுதிய தியா ஃபோன் ஹார்பூ, அதே கதையைப் புதினமாகவும் எழுதினார். படம் வெளிவந்த பின் பல காட்சிகள் வெட்டப்பட்டன. நகரின் தலைவன் ஃபிரெடெர்சனும் கண்டுபிடிப்பாளன் ரோட்வாங்கும் ஹெல் என்னும் ஒரே பெண்ணை விரும்பினர் என்பது கதையின் வேர். அமெரிக்காவில் திரையிடப்பட்ட வடிவத்தில் இந்தப் பகுதி நீக்கப்பட்டது. அப்பெயர் ஆங்கிலத்தில் நரகத்தைக் குறிக்கும் சொல்லைப் போல ஒலித்ததும் அதற்கு ஒரு காரணம்.

இதனால் ரோட்வாங் ஏன் இயந்திரப் பெண்ணை உருவாக்கினான், ஏன் அவனுக்கு இவ்வளவு வன்மம் என்பது படம் பார்த்தவர்களுக்கு விளங்கவில்லை. புதினத்தைப் படித்தவர்களுக்கோ காரணம் தெரிந்திருந்தது. தொலைந்த காட்சிகளில் பெரும்பகுதி 2008-இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் நகரில் கிடைத்த ஒரு படியில் கண்டறியப்பட்டு, 2010-இல் மீட்டமைக்கப்பட்ட படம் திரையிடப்பட்டது. அதுவரை ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் திரையில் காண முடியாத கதையின் மையத்தைப் புதினமே காத்து வைத்திருந்தது.

ஃபென்டாஸ்டிக் வாயேஜ்: பிழை திருத்திய புதினம்

புதினமாக்கம் கதையை ஆழப்படுத்துவதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு ஐசக் அசிமோவ் எழுதிய 'ஃபென்டாஸ்டிக் வாயேஜ்' ஆகும். ரிச்சர்ட் ஃபிளைஷர் இயக்கிய இத்திரைப்படத்தை டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் 1966 ஆகஸ்டில் வெளியிட்டது. சிறப்புக் காட்சி விளைவுகளுக்காகவும் கலை இயக்கத்துக்காகவும் இப்படம் ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது.

கதைச் சுருக்கம்

பொருள்களையும் மனிதர்களையும் நுண்ணுயிர் அளவுக்குச் சிறிதாக்கும் நுட்பம் கண்டறியப்பட்டுள்ளது. ஆனால் அந்த நிலை 60 நிமிடங்களுக்கு மட்டுமே நீடிக்கும். அதன் பின் எல்லாம் பழைய அளவுக்கு வளர்ந்துவிடும். இந்த வரம்பைக் கடக்கும் வழியை அறிந்த பெனஸ் என்னும் அறிவியலாளர் தாக்கப்பட்டு, மூளையில் குருதி உறைந்து நினைவிழந்து கிடக்கிறார். வெளியிலிருந்து அறுவை செய்ய இயலாத இடம் அது. எனவே 'புரோட்டியஸ்' என்னும் நீர்மூழ்கியில் ஐந்து பேர் ஏறி, சிறிதாக்கப்பட்டு, அவருடைய குருதிக் குழாயில் செலுத்தப்படுகிறார்கள். மூளைக்குச் சென்று லேசர் ஒளியால் குருதிக் கட்டியை உடைப்பது அவர்கள் பணி.

தமனியிலிருந்து எதிர்பாராமல் சிரைக்குள் இழுக்கப்படுவது, சில நொடிகள் நிறுத்தப்பட்ட இதயத்தைக் கடப்பது, நுரையீரலில் காற்று நிரப்புவது, நிணநீர் மண்டலம், உட்செவி எனப் பயணம் தொடர்கிறது. குழுவில் ஒருவர் சதிகாரர் என்பதும் தெரியவருகிறது.

அசிமோவ் இட்ட நிபந்தனை

புதினம் எழுதும்படி அசிமோவை அணுகியது பேன்டம் புக்ஸ் பதிப்பகம். அவர் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பாஸ்டன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் பணியாற்றியவர். திரைக்கதையைப் படித்தபோது அதில் காரணத்துக்குப் பொருந்தாத இடங்கள் பல இருப்பதைக் கண்டார். அவற்றைத் திருத்தி எழுத உரிமை தந்தால் மட்டுமே எழுதுவதாகக் கூறினார். அவர் விரைந்து எழுதி முடித்தார். படம் முடிய நாளாயிற்று. இதனால் புதினம் படத்துக்குச் சில மாதங்கள் முன்பே வெளிவந்தது. அசிமோவின் புதினத்தைத் தழுவியே படம் எடுக்கப்பட்டது என்று பலர் இன்றும் தவறாக எண்ணுவதற்கு இதுவே காரணம்.

காற்று மூலக்கூறுச் சிக்கல்

பயணத்தின் நடுவே நீர்மூழ்கியில் காற்று குறைந்துவிடுகிறது. படத்தில் குழுவினர் பெனஸின் நுரையீரலிலிருந்து ஒரு குழாய் வழியாகக் காற்றை எடுத்துக்கொள்கிறார்கள். பார்ப்பதற்கு இது எளிய தீர்வாகத் தோன்றும். ஒரு சிறு கணக்கு அதன் சிக்கலைக் காட்டும்.

எடுத்துக்காட்டாக, 1.7 மீட்டர் உயரமுள்ள ஒருவர் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகச் சிறிதாக்கப்படுகிறார் எனக் கொள்வோம். அவர் உயரம் 1.7 மைக்ரோமீட்டர் ஆகும். சிவப்பணுவின் குறுக்களவே ஏறத்தாழ 7 மைக்ரோமீட்டர். மனித நுரையீரலின் காற்று நுண்ணறை ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் அகலம் உடையது. அதே விகிதத்தில் சுருங்கினால் அது 0.2 நானோமீட்டர் ஆகிவிடும். ஆனால் சிறிதாக்கப்படாத ஓர் ஆக்சிசன் மூலக்கூறின் அளவே ஏறத்தாழ 0.3 நானோமீட்டர். அதாவது ஒரு மூலக்கூறுகூட ஒரு நுண்ணறைக்குள் நுழைய முடியாது. சுற்றிலும் காற்று இருந்தும் அவர் மூச்சுத்திணறி இறப்பார்.

அசிமோவ் இந்தக் காட்சியை நீக்கவில்லை. நீர்மூழ்கியிலேயே ஒரு சிறிதாக்கும் கருவி இருப்பதாகவும், உள்ளே வரும் காற்று அதன் வழியாகச் சிறிதாக்கப்பட்ட பின்னரே பயன்படுவதாகவும் எழுதினார். படத்தின் நிகழ்வு அப்படியே நிற்கிறது. அதற்கு ஒரு காரணம் மட்டும் சேர்க்கப்பட்டுள்ளது. அத்துடன் படிப்பவருக்கு மூலக்கூறின் அளவு பற்றிய ஓர் உணர்வும் கிடைக்கிறது.

இதேபோல் திரவத்திலுள்ள நுண்துகள்கள் மூலக்கூறுகளின் மோதலால் இடைவிடாது அசையும் பிரௌனியன் இயக்கத்தையும் அசிமோவ் கதைக்குள் கொண்டுவந்தார். நுண்ணுயிர் அளவுள்ள கலம் குருதியில் அமைதியாக மிதக்க முடியாது. அது ஓயாமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். உடலுக்குள் பயணம் செய்வது பெரிய கடலில் பயணம் செய்வதன் சிறிய வடிவம் அன்று, முற்றிலும் வேறுபட்ட ஓர் அனுபவம் என்பது இதனால் புலப்படுகிறது.

கைவிடப்பட்ட நீர்மூழ்கி

படத்தின் மிகப் பெரிய பிழை அதன் முடிவில் உள்ளது. சதிகாரரோடு சேர்த்து நீர்மூழ்கியை ஒரு வெள்ளையணு விழுங்கிவிடுகிறது. எஞ்சிய நால்வர் பார்வை நரம்பின் வழியே கண்ணுக்குச் சென்று, கண்ணீர்த் துளியில் வெளியேறி உயிர் பிழைக்கிறார்கள். நோயாளி காப்பாற்றப்பட்டதாகப் படம் முடிகிறது.

நீர்மூழ்கி என்னவாயிற்று? வெள்ளையணு அதை உடைத்து நொறுக்கியிருக்கலாம். ஆயினும் அதன் பொருள் எங்கும் போய்விடவில்லை. 60 நிமிடம் முடிந்ததும் அந்தச் சிதைவுகளும் பழைய அளவுக்கு வளரும். ஒரு கலத்தின் முழு உலோகமும் ஒரு மனிதரின் தலைக்குள் விரிந்தால் அவர் உயிர் பிழைக்க வழியே இல்லை. காப்பாற்றச் சென்றவர்களே அவரைக் கொன்றவர்கள் ஆவார்கள். படத்தைத் தம் மகளுடன் பார்க்கச் சென்றபோது, 11 வயதே ஆன அச்சிறுமி இந்தக் கேள்வியை உடனே கேட்டுவிட்டதை அசிமோவ் தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார்.

புதினத்தில் அசிமோவ் முடிவை மாற்றினார். நீர்மூழ்கியை விழுங்கிய வெள்ளையணுவைக் குழுவினர் தம்மைப் பின்தொடரச் செய்து, தம்முடனேயே கண்ணுக்குக் கொண்டுவருகிறார்கள். கண்ணீரோடு அதுவும் வெளியேறுகிறது. சிதைவுகள் உடலுக்கு வெளியே வளர்கின்றன.

இந்த மாற்றம் ஒரு தருக்கப் பிழையைத் திருத்துவதோடு நிற்கவில்லை. படத்தில் இறுதிக் காட்சி உயிர் தப்பி ஓடும் காட்சி. புதினத்தில் அது நோயாளியின் உயிரைக் காக்கும் கடைசிக் கடமையாக மாறுகிறது. தப்பிச் செல்லக்கூடிய நேரத்தில் ஆபத்தைத் தம்மோடு இழுத்துச் செல்லும் பொறுப்பு பாத்திரங்களுக்கு வருகிறது. அறிவியல் துல்லியமும் மனித மதிப்பும் இங்கு ஒரே இடத்தில் சேர்கின்றன.

இரண்டாவது முயற்சி

இவ்வளவு திருத்தியும் அசிமோவுக்கு நிறைவு ஏற்படவில்லை. கதை தம்முடையது அன்று என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. சிறிதாக்கும்போது பொருளின் நிறை எங்கே போகிறது என்பது போன்ற அடிப்படைக் கேள்விகளும் எஞ்சியிருந்தன. 1987-இல் 'ஃபென்டாஸ்டிக் வாயேஜ் 2: டெஸ்டினேஷன் பிரெயின்' என்னும் புதினத்தைத் தனியே எழுதினார். இது முதல் கதையின் தொடர்ச்சி அன்று. அதே கருத்தைத் தம் விருப்பப்படி புதிதாகக் கையாண்ட நூல். இதில் பிளாங்க் மாறிலியின் மதிப்பை ஓரிடத்தில் மட்டும் குறைப்பதால் சிறிதாக்கம் நிகழ்வதாகக் கற்பனை செய்தார்.

2001: ஒரே கதை, இரண்டு மொழிகள்

'2001: எ ஸ்பேஸ் ஒடிசி' வழக்கமான புதினமாக்கம் அன்று. இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் 1964 முதல் இணைந்து கதையை வளர்த்தனர். படமும் புதினமும் அருகருகே உருவாயின. கிளார்க் முன்பு எழுதிய 'தி சென்டினல்' என்னும் சிறுகதை அதற்கு ஒரு தொடக்கப் புள்ளி. படம் 1968 ஏப்ரலில் வெளிவந்தது. புதினம் சில மாதங்களுக்குப் பின் வந்தது. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த கிளார்க், 2008-இல் கொழும்பில் மறையும் வரை அந்நாட்டிலேயே தங்கியிருந்தார்.

குப்ரிக்கின் படம் மௌனத்தை நம்பியது. முதல் உரையாடல் வருவதற்கே ஏறத்தாழ 25 நிமிடங்கள் ஆகின்றன. கரிய ஒற்றைக்கல் என்ன, அதை வைத்தவர் யார் என்பதைப் படம் சொல்வதில்லை. கிளார்க்கின் புதினமோ இவற்றைத் தெளிவாக விளக்குகிறது. ஒற்றைக்கல்லின் பக்கங்கள் 1:4:9 என்ற விகிதத்தில் அமைந்தவை என்றும், இவை 1, 2, 3 ஆகிய எண்களின் வர்க்கங்கள் என்றும் புதினம் கூறுகிறது. இயற்கையில் தற்செயலாக உருவான கல் அன்று, அறிவுள்ள எவரோ செய்தது என்பதற்கு இதுவே சான்றாகிறது.

ஹால் 9000 ஏன் தவறியது?

விண்கலத்தை இயக்கும் ஹால் 9000 என்னும் கணினி விண்வெளி வீரர்களைக் கொல்லத் தொடங்குவது படத்தின் திருப்புமுனை. படத்தில் இதற்கான காரணம் குறிப்பாகவே உணர்த்தப்படுகிறது. பயணத்தின் உண்மையான நோக்கம் ஹாலுக்கு மட்டுமே தெரியும் என்பது பின்னர் ஒரு பதிவின் மூலம் வெளிப்படுகிறது. பல பார்வையாளர்கள் ஹாலைத் தீய இயந்திரமாகவே நினைவில் வைத்தனர்.

புதினம் ஹாலின் உள்நிலையை விளக்குகிறது. தகவலைத் திரிக்காமல் தருவதற்காகவே அது படைக்கப்பட்டது. ஆனால் உடன் பயணிக்கும் இருவரிடம் உண்மையை மறைக்கும்படி அதற்குக் கட்டளை இடப்பட்டது. இந்த முரண்பாடு அதைச் சிறிது சிறிதாகக் குலைக்கிறது. தவறுகள் நேர்கின்றன. அதன் இணைப்பைத் துண்டிக்கப் போகிறார்கள் என்று அறிந்ததும் அச்சம் எழுகிறது. உறக்கம் என்பதையே அறியாத அதற்கு, இணைப்புத் துண்டிப்பு மரணமாகவே தோன்றுகிறது.

இதைப் படித்த பின் குற்றம் யாருடையது என்ற கேள்வி இடம் மாறுகிறது. பொய் சொல்லத் தெரியாத ஒன்றைப் பொய் சொல்லப் பணித்த மனிதர்களின் பொறுப்பு முன்னே வருகிறது. செயற்கை நுண்ணறிவு நாள்தோறும் பேசப்படும் இக்காலத்தில் இந்தப் பகுதி மாணவர்கள் ஊன்றிப் படிக்கத் தக்கது.

வியாழனா, சனியா?

படத்தில் விண்கலம் வியாழனுக்குச் செல்கிறது. புதினத்தில் வியாழனைக் கடந்து சனிக்குச் செல்கிறது. சனியின் வளையங்களைத் திரையில் நம்பும்படி உருவாக்க அக்காலத்துக் காட்சி நுட்பம் போதவில்லை என்பதால் படத்தில் இலக்கு மாறியது. சொற்களுக்கு அந்தத் தடை இல்லை. மேலும், வியாழனின் ஈர்ப்பைப் பயன்படுத்தி வேகம் பெற்றுக் கலம் சனியை நோக்கிச் செல்வதாகக் கிளார்க் எழுதினார். 1979-இல் வியாழனை அணுகிய வாயேஜர் 1 விண்கலம் அதே முறையில் திசையும் வேகமும் பெற்று 1980-இல் சனியை அடைந்தது.

மற்ற எடுத்துக்காட்டுகள்

ஏலியன் (1979): ரிட்லி ஸ்காட் இயக்கிய இப்படத்தின் புதினமாக்கத்தை ஆலன் டீன் ஃபோஸ்டர் எழுதினார். வேற்றுக்கோள் உயிரியின் தோற்றத்தை அவருக்குக் காட்டவில்லை. அதனால் அவர் அதை விரிவாக வருணிக்காமல் அச்சத்தை மட்டும் எழுதினார். படத்தில் வெட்டப்பட்ட ஒரு முக்கியக் காட்சி புதினத்தில் இடம்பெற்றது. கலத்தின் தலைவர் டல்லஸ் உயிரோடு கூட்டுக்குள் சிறைப்பட்டிருப்பதை ரிப்ளி காணும் காட்சி அது. 2003-இல் வந்த இயக்குநர் பதிப்பில்தான் பார்வையாளர்கள் அதைத் திரையில் கண்டனர்.

ஸ்டார் வார்ஸ்: படம் 1977 மேயில் வெளிவந்தது. புதினம் 1976-இன் இறுதியிலேயே ஜார்ஜ் லூகாஸ் பெயரில் வெளியானது. அதை எழுதியவரும் ஆலன் டீன் ஃபோஸ்டரே.

ஈ.டி. (1982): வில்லியம் காட்ஸ்விங்கிள் எழுதிய புதினம் கதையின் பெரும்பகுதியை வேற்றுக்கோள்வாசியின் பார்வையிலிருந்து சொல்கிறது. படத்தில் குழந்தைகள் அதைப் பார்த்து வியக்கிறார்கள். புதினத்தில் அது மனிதர்களைப் பார்த்துக் குழம்புகிறது.

தி அபிஸ் (1989): ஜேம்ஸ் கேமரன் இயக்கிய இப்படத்துக்கு ஓர்சன் ஸ்காட் கார்டு புதினம் எழுதினார். முதன்மைப் பாத்திரங்களின் இளமைக் காலத்தைத் தொடக்க இயல்களில் அவர் கற்பனை செய்து எழுதினார். இவை படத்தில் இல்லை. ஆனால் கேமரன் அந்த இயல்களை நடிகர்களிடம் கொடுத்துப் படிக்கச் செய்தார். திரைக்கதையிலிருந்து பிறந்த புதினம் திரும்பிச் சென்று நடிப்பை ஆழப்படுத்தியது என்பது இதன் சிறப்பு.

ஆழப்படுத்தும் வழிகள்

மேற்கண்டவற்றிலிருந்து நான்கு வழிகளைத் தொகுக்கலாம்.

1. காரணம் தருதல்: படத்தில் நிகழும் ஒன்றுக்கு அறிவியல் அல்லது தருக்க அடிப்படை அமைத்தல். அசிமோவின் காற்று, நீர்மூழ்கி ஆகியவை இதற்குச் சான்று.

2. மனத்தைத் திறத்தல்: பாத்திரத்தின் உள் எண்ணத்தை வெளிப்படுத்துதல். ஹால் 9000, ஈ.டி. ஆகியவை இவ்வகை.

3. முன்கதை சேர்த்தல்: பாத்திரங்கள் இன்று நடந்துகொள்ளும் விதத்துக்கு நேற்றைய வேரைக் காட்டுதல். தி அபிஸ் இதற்குப் பொருந்தும்.

4. இழந்ததைக் காத்தல்: படத்தொகுப்பில் வெட்டப்பட்ட காட்சிகளை நிலைநிறுத்துதல். மெட்ரோபோலிஸ், ஏலியன் ஆகியவை இவ்வகையின.

வரம்புகள்

புதினமாக்கம் எப்போதும் கதையை உயர்த்தும் என்று கூற இயலாது. எழுத்தாளருக்குப் பெரும்பாலும் குறுகிய காலமே தரப்படுகிறது. முடிவடையாத திரைக்கதையைக் கொண்டு எழுதுவதால் படத்துக்கும் நூலுக்கும் முரண்பாடுகள் ஏற்படுகின்றன. கதையின் உரிமை படநிறுவனத்திடம் இருப்பதால் பெரிய மாற்றங்களுக்கு ஒப்புதல் கிடைப்பது அரிது. அசிமோவுக்குக் கிடைத்த உரிமை எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

மற்றொரு வரம்பும் உண்டு. விளக்கம் கூடுவதெல்லாம் ஆழம் ஆகாது. 2001 படத்தின் புதிர்த்தன்மையே அதன் வலிமை, கிளார்க்கின் விளக்கம் அந்த வியப்பைக் குறைக்கிறது என்று கருதுவோர் உள்ளனர். விளக்கம் இல்லாவிட்டால் படத்தின் சிந்தனை பெரும்பாலோரைச் சென்றடைந்திருக்காது என்பது மறுதரப்பு. இரண்டிலும் உண்மை உண்டு. வியப்பு கதையின் உயிராக இருக்கும் இடத்தில் மிகை விளக்கம் அதைக் கெடுக்கும். ஆனால் ஒரு மனித உயிர் காப்பாற்றப்பட்டது என்று கதை சொல்லும்போது, அது உண்மையிலேயே காப்பாற்றப்பட்டதா என்று கேட்க வாசகருக்கு உரிமை உண்டு. அங்கு விளக்கம் கடமையாகிறது.

மாணவர்களுக்கான பயன்

படத்தையும் அதன் புதினமாக்கத்தையும் ஒப்பிட்டுப் படிப்பது நல்ல பயிற்சியாகும். படத்தை முதலில் பார்த்து, விளங்காத இடங்களையும் நம்ப முடியாத இடங்களையும் குறித்துக்கொள்ளலாம். பின்னர்ப் புதினத்தைப் படித்து, எந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது, எது விடையின்றி நிற்கிறது எனப் பார்க்கலாம். விடையற்ற கேள்விக்குத் தாமே ஒரு பத்தி எழுதிப் பார்ப்பது அடுத்த படி. அளவு, நிறை, காலம் ஆகியவற்றை எளிய கணக்கால் சரிபார்க்கும் வழக்கமும் இதனால் வளரும். நீர்மூழ்கி என்னவாயிற்று என்று கேட்பதற்கு உயர்கல்வி தேவைப்படவில்லை. 11 வயதுச் சிறுமியால் அதைக் கேட்க முடிந்தது.